நாலாம் நாள் கேசட்

ஐப்பசிப் புயலுக்குப் பிறகு கெங்கம்மா மீன் கூடையைத் தொடவில்லை. விற்கப் போகவும் இல்லை, வீட்டில் ஆக்கினால் தின்னவும் இல்லை. மகன் சவரிமுத்து போன தண்ணீரிலிருந்து வருகிற எதுவும் தன் தொண்டைக்குள் இறங்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மருமகள் ஜான்சி குழம்புச் சட்டியைத் திறந்தால் எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நாளில் ஜான்சி வீட்டில் மீன் சமைப்பதையே விட்டுவிட்டாள். அந்தக் குப்பத்தில் பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் கொதிக்கிற வீடு அது ஒன்றுதான்.

சாந்தோமுக்குத் தெற்கே, கடல் மணலை ஒட்டி நின்ற குடிசை மாற்று வாரியக் கட்டடங்களில் ஒன்றின் முதல் மாடியில் அவர்கள் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. உப்புக் காற்றில் சிமெண்டு உதிர்ந்து, கூரைக்குள் இருந்த கம்பிகள் துருப்பிடித்து வெளியே தெரிந்தன. கெங்கம்மாவின் புருஷன் லாசருக்கு முழங்கால் மடங்காமல் போய் வருஷமாகிவிட்டது. கரையில் உட்கார்ந்து வலை பொத்துவதுதான் அவர் வேலை. சவரி ஒரே பிள்ளை. கோவளத்திலிருந்து ஜான்சியைக் கட்டி வந்து அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை.

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் விடியலில் கடல் தட்டையாகக் கிடந்தது. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் வலை போட்டுவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று சவரியும் அவன் கூட்டாளி வேலுவும் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். மதியத்துக்கு மேல் வேலு மட்டும் ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்தபடி கரை ஒதுங்கினான். நெஞ்சுத் தோல் உரிந்திருந்தது. மணலில் படுத்தபடியே லாசரிடம் சொன்னான்.

"மரம் கவுந்துச்சு மாமா. நான் கட்டைய புட்சிகினேன். அவன் காலு வலையில மாட்டிக்கிச்சு. வலைய தண்ணி இஸ்துகினு போச்சு. மொதல்ல மொகம் தெரிஞ்சுது. அப்பால கை தெரிஞ்சுது. அப்பால ஒண்ணியும் தெரில."

ஜான்சி பின்னால் நின்று கேட்டாள். கெங்கம்மாவும் கேட்டாள். ஆனால் அவள் கேட்டது வேறு.

"கை தெரிஞ்சுதுன்னா ஆளு கீறான்னுதானே அர்த்தம்?"

வேலு முகத்தை மணல் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் படிக்கட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டான். வந்தால் கெங்கம்மா அதே கேள்வியைக் கேட்பாள். எண்ணூர் வரைக்கும் அந்தப் பக்கமும், மகாபலிபுரம் வரைக்கும் இந்தப் பக்கமும் எல்லாக் குப்பங்களிலும் சொல்லிவைத்தார்கள். எந்தக் கரையிலும் உடம்பு ஒதுங்கவில்லை.

உடம்பு இல்லாததால் வீட்டில் யாரும் அழ முடியவில்லை. முதல் நாள் ஜான்சி தலையிலடித்துக்கொண்டபோது கெங்கம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்து மடக்கினாள்.

"அழுவாத. நீ அழுதினா அவன் செத்துட்டான்னு ஆயிடும். கம்முனு இரு."

அன்றிலிருந்து தினம் கெங்கம்மாவே முழம் மல்லி வாங்கிவந்து ஜான்சியைத் திருப்பி உட்காரவைத்துத் தலையில் வைத்தாள். சோறு வடிக்கும்போது சவரிக்கும் சேர்த்து வடித்தாள். கோவளத்திலிருந்து ஜான்சியின் அப்பா வந்து மகளைக் கூட்டிப்போகக் கேட்டபோது, "புருசன் வந்து எங்கன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்றாள். அவர் லாசரைப் பார்த்தார். லாசர் தரையைப் பார்த்தார். அவர் கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்.

கெங்கம்மா விட்ட கூடையை ஜான்சி எடுத்துக்கொண்டாள். விடியலில் கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் உடைத்துப் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி நடப்பாள். மீன் கூடையைப் பார்த்தால் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்த விடமாட்டார். மந்தைவெளி, அங்கிருந்து ராஜா அண்ணாமலைபுரம், வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்றால் தேனாம்பேட்டை வரைக்கும் நடைதான். ஐஸ் உருகி நெற்றியில் வழிந்து கழுத்துக்குள் இறங்கும். அடுக்குமாடி வீடுகளின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, சங்கராவைச் செதில் சீவித் துண்டு போடும்போதுதான் அவளுக்கு அழுகை வரும். அங்கே யாரும் தடுக்கமாட்டார்கள்.

"ஏம்மா, கண்ணு இப்பிடிச் செவந்திருக்கு?" என்று ஒரு வீட்டம்மா கேட்டாள்.

"செதிலு தெறிச்சிடுச்சிம்மா" என்றாள் ஜான்சி.

பொங்கல் முடிந்து பனி குறையத் தொடங்கிய சமயத்தில் மடத்துச் சிஸ்டர் பிலோமினா குப்பத்துக்கு ஒரு பெரிய டேப்ரிக்கார்டரும் கேசட்டுகள் அடுக்கிய அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். புதிய ஏற்பாடு முழுவதையும் நாடகமாக நடித்துப் பதிவு செய்திருந்தார்கள். வடபழனிப் பக்கம் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, சினிமாவுக்குக் குரல் கொடுக்கிறவர்களே பேசியிருக்கிறார்கள் என்றார் சிஸ்டர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சனத்துக்காக, வாரத்தில் சில நாள் சாயங்காலம் கட்டடத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்பது என்று ஏற்பாடு. சாமான்களை வைக்க லாசர் வீட்டில் இடம் கொடுத்தார்.

சனம் ஆசையாகத்தான் வந்தது. கழுதை கனைத்தால் சிரித்தார்கள். பேய் பிடித்தவன் ஓலமிட்டால் பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சீடர் இராயப்பர் வாயைத் திறந்ததும், இது எந்த வில்லனுடைய குரல் என்று சண்டை நடந்தது. ஏசுவின் குரல் மட்டும் யாருடையது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போல நிதானமாக இருந்தது.

கெங்கம்மா இறங்கிவருவதில்லை. அவள் பிறப்பில் அம்மன் கும்பிடுகிற வீட்டுப் பெண். லாசரைக் கட்டத்தான் ஞானஸ்நானம் வாங்கினாள். திருநாளுக்குப் புதுச் சேலை கட்டி மாதா கோயிலுக்குப் போவதோடு சரி.

ஒருநாள் புயலைப் பற்றிய கேசட் ஓடியது. சீடர்கள் படகில் அலறுகிறார்கள், ஏசு பின்பக்கம் தலையணையில் தூங்குகிறார். பெட்டிக்குள்ளிருந்து அலைச் சத்தம் வந்ததும் ஆம்பளைகள் சிரித்தார்கள்.

"இன்னா இது, அண்டாவுல தண்ணி ஊத்தி கலக்கிகினு கீறானுங்க" என்றார் ஒருவர்.

அப்போதுதான் படியில் கெங்கம்மா நிற்பதை ஜான்சி பார்த்தாள். தூங்கினவரை எழுப்பினார்கள். அவர் காற்றை அதட்டினார். சத்தம் ஒரேயடியாக நின்று, வெறும் நாடா சுற்றும் கரகரப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"எந்தக் கடலு சிஸ்டர் அது?" என்று கெங்கம்மா படியிலிருந்தே கேட்டாள்.

"கடல்னுதாம்மா சொல்லுவாங்க. ஆனா அது ஒரு பெரிய ஏரி."

"ஏரியா?" கெங்கம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஏரியத்தான் அடக்குனாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லா நாளும் வந்தாள். லாசர் என்ற மனுஷன் செத்துப்போன கதை வந்த அன்றைக்கு, தன் பேரைக் கேட்டுப் பின்வரிசையில் இருந்த அவள் புருஷன் நெளிந்தார். பெட்டிக்குள் இரண்டு தங்கைகள் ஒப்பாரி வைத்தார்கள். பெரியவள் ஏசுவிடமே சண்டைக்குப் போனாள். நீ நேரத்துக்கு வந்திருந்தால் என் அண்ணன் செத்திருப்பானா என்று கேட்டாள்.

"நல்லா கேட்டா" என்று கெங்கம்மா தலையை ஆட்டினாள்.

கல் உருளும் சத்தம் கேட்டது. நாற்றம் அடிக்கும் என்று பெரியவள் தடுத்தாள். செய்தி வாசிக்கிறவர் குரல் முதல் முறையாக உயர்ந்து, பேர் சொல்லி வெளியே கூப்பிட்டது. பிறகு துணி இழுபடுகிற சத்தம். கூட்டத்தில் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். மேளம் போல ஏதோ ஒன்று முழங்கி அடங்கியது.

எல்லோரும் எழுந்து போனபிறகும் கெங்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நாலு நாளு ஆயிடுச்சா சிஸ்டர்?"

"ஆமாம்மா, நாலு நாள்."

"நாத்தம் எட்த்துச்சுன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சே."

"ஆமா."

"அப்பகூட எழுந்து வந்தாரா?"

சிஸ்டர் ஆமாம் என்றார். இந்தக் கேசட்டை மட்டும் தனியாகக் கேட்க முடியுமா என்று கெங்கம்மா கேட்டாள். மகனைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, மிஷின் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது, தாராளமாகப் போட்டுக் கேளுங்கள் என்றார் சிஸ்டர்.

கெங்கம்மா போட்டுக் கேட்டாள். சாயங்காலக் கூட்டத்துக்கு இறங்கிவருவதை மறுபடியும் நிறுத்திக்கொண்டாள். காலையில் லாசர் வலைக்குப் போனதும் போட்டாள். மதியம் போட்டாள். ஜான்சி கூடையோடு படியேறும்போதே அந்த ஒப்பாரி கேட்கும். பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் கல் உருளும் இடத்திலிருந்து போடுவாள். எந்தப் பொத்தான் எது என்று விரல் பழகிவிட்டது. தேய்ந்து தேய்ந்து ஏசுவின் குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சில சமயம் கெங்கம்மா அந்த இடத்தில் சவரியின் பேரைக் கூடவே சொன்னாள். சமையல் மூலையில் நின்ற ஜான்சி அதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

லாசர் பங்குச் சாமியாரிடம் போய், சவரிக்கு ஒரு பூசை வைத்துவிடலாமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் பெற்றவள் சம்மதிக்கட்டும் என்றார் சாமியார். லாசர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல வாயெடுத்தார். பெட்டிக்குள் கல் உருண்டுகொண்டிருந்தது. சொல்லாமலே திரும்பிப் போய் வலையில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டரும் ஒருமுறை கேசட்டைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். "இன்னும் முடியல சிஸ்டர்" என்றாள் கெங்கம்மா. சிஸ்டர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனார்.

தவக்காலம் வந்தது. பங்குனி வெயில் சிமெண்டுக்குள் இறங்கி அறை கொதித்தது. அன்றைக்கு ஜான்சி பாதிக் கூடை மீனோடு திரும்பிவிட்டாள். கூடையை வாசலில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கெங்கம்மா ஈரத்துணியில் சுற்றியிருந்த மல்லியை எடுத்துவந்தாள்.

"இந்தா, திரும்பு."

"வேணாம் அத்தை."

"இன்னா வேணாம்?"

"பூவு வேணாம். மந்தைவெளில ஒரு பொம்பளை என் கூடையில எட்த்த வஞ்சிரத்த திரும்ப வச்சிட்டா. தாலியறுத்தவகிட்ட வாங்குவேன், ஒங்கிட்ட வாங்கமாட்டேன்னு சொன்னா. புருசன் செத்து பூ வச்சிகினு சுத்துறவன்னு சொன்னா."

"எவ அவ?"

"எவளா இருந்தா இன்னா? அவ சொன்னதுல இன்னா தப்பு?"

கெங்கம்மா மிஷின் பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தினாள். ஒப்பாரி தொடங்கியது. ஜான்சி எழுந்துவந்து நிறுத்தினாள். கேசட்டை வெளியே எடுத்தாள். கெங்கம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"இத்தோட முடியல அத்தை. அந்த எழுந்தவரு அப்பால இன்னா ஆனாரு, யாருக்கு தெரியும்? எழுப்புனவரத்தான் புட்சிகினு போனானுங்க. அது அடுத்த கேசட்டுல கீது. அத்த ஒரு நாளாவது கேட்டியா நீ? இத்தையே போட்டுப் போட்டு என்ன கொல்றியே. குந்து. முழுசா கேளு."

அட்டைப்பெட்டியிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்துப் போட்டாள். கெங்கம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

கூட்டம் கத்தியது. சாட்டை விழுந்தது. பொறுமையாக ஒரு சுத்தியல் சத்தம் கேட்டது, மரத்தில் ஆணி இறங்குகிற சத்தம். மதியக் கஞ்சிக்கு வந்த லாசர் வாசலிலேயே நின்றுவிட்டார். செய்தி வாசிக்கிறவர் குரல் உடைந்து, கீழே நின்ற தாயை இன்னொருவன் பொறுப்பில் விட்டது.

"அம்மாக்காரி அங்கியேவா நிக்கிறா?" என்றாள் கெங்கம்மா.

"ஆமா."

"யாரும் அவள இஸ்துகினு போவலியா?"

"இல்ல அத்தை. கடைசி வரிக்கும் நின்னா."

பெட்டிக்குள் மூச்சு நின்றது. இடி இடித்தது. பிறகு ஒரு பணக்கார ஆள் கவர்னர் வீட்டுக்குப் போய் உடம்பைக் கேட்டார். அதற்குள்ளா செத்துவிட்டான் என்று கவர்னர் சலிப்பாகக் கேட்டான். சிப்பாய் ஆமாம் என்றான். சரி, எடுத்துக்கொண்டு போ என்றான் கவர்னர்.

கெங்கம்மா கையை நீட்டி நிறுத்தினாள். பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடியும் போட்டாள்.

"கேட்டாரு, குட்த்துட்டான்."

"ஆமா."

"அவ்ளோதானா? போய் கேட்டா குட்த்துடுவானா?"

 கெங்கம்மா வாசல் பக்கம் திரும்பினாள்.

"யோவ். நான் யாராண்ட போய் கேக்கறது? சொல்லு. கவுர்மெண்ட்டுகிட்டயா? அந்தத் தண்ணியாண்டயா? யாராண்ட கேட்டா எம்புள்ளைய குடுப்பான்?"

லாசர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். 

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. துணி சுற்றினார்கள், கல்லை மூடினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் சுற்றியது. பிறகு குருவிகள் கூவின. விடியற்காலை போல மெல்ல ஒரு புல்லாங்குழல் ஆரம்பித்தது. கெங்கம்மா பொத்தானை அழுத்தினாள்.

"போதும்."

"இதுக்கப்புறம்தான் கெங்கா அவரு எழுந்து வராரு" என்றார் லாசர்.

"தெரியும். அது அவ புள்ள. எம்புள்ள வரமாட்டான்."

கையிலிருந்த பூவை அவள் ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஜான்சியைப் பார்த்தாள்.

"அழுவுடி. நான் ஒண்ணும் சொல்லல. அழுவு."

ஜான்சி அழத்தான் நினைத்தாள். முகத்தை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வரவில்லை. வாசலில் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மீன் கெட்டுவிடும் என்ற நினைப்புத்தான் வந்தது. எழுந்துபோய்ச் சாக்கை நனைத்து மூடினாள்.

ஈஸ்டருக்குப் பிறகு வந்த சனிக்கிழமை அடக்கம் என்று சாமியார் சம்மதித்தார். உடம்பு கிடைக்காதவர்களுக்கு உடுப்பை வைத்து அடக்கம் செய்வது அந்தக் குப்பத்தில் புதிதில்லை. தச்சர் வடிவேலுவிடம் லாசர் சின்னப் பெட்டியாகப் போதும் என்று சொல்லியிருந்தார். கெங்கம்மா நேரே பட்டறைக்குப் போனாள்.

"எம்புள்ள ஒசரம் ஒனக்குத் தெரியாதா? காலை மடக்கியா படுக்க வக்கச் சொல்ற?"

வடிவேலு முழுப் பெட்டியே செய்துகொடுத்தார்.

அன்று காலை கெங்கம்மாதான் ஜான்சியின் தாலியைக் கழற்றினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. பெட்டிக்குள் கல்யாணச் சட்டை, வேட்டி, ஒரு ஜெபமாலை. மூடி அறைந்து, சாமியார் தீர்த்தம் தெளித்து, தூக்கச் சொன்னார். வேலுவும் மற்ற ஆம்பளைகளும் குனிந்து, மூச்சை இறுக்கித் தூக்கினார்கள். பெட்டி வெடுக்கென்று தலைக்கு மேலே போய்விட்டது. உள்ளே ஜெபமாலை உருண்டு பலகையில் முட்டுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தூக்கினவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"எறக்கு" என்றாள் கெங்கம்மா.

"இன்னா கெங்கா?"

"எறக்குங்கறேன். மூடிய பிரி. மண்ணு எட்த்தா. கரைல ஈர மண்ணு."

"ஏம்மா, இதெல்லாம் வேண்டாமே" என்றார் சாமியார்.

"தூக்கறவனுக்குத் தெரியணும் சாமி, உள்ள ஒரு ஆளு கீறான்னு. எம்புள்ள காத்தாட்டம் போவக்கூடாது."

சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டார். வேலுதான் முதலில் ஓடினான். அலை வந்து திரும்புகிற இடத்தில் மண்ணை வாரி அன்னக்கூடையில் கொண்டுவந்தான். மற்றவர்களும் போனார்கள். கொட்டக் கொட்ட ஜான்சி பெட்டியோரம் மண்டியிட்டு, சட்டை கசங்காமல் மண்ணைக் கையால் பரப்பினாள். தோளுக்கு, இடுப்புக்கு, காலுக்கு என்று அவள் கை தானாகப் போனது.

"வேலு" என்று கூப்பிட்டாள் கெங்கம்மா. புயலுக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அல்லாமல் அவள் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "திருநாளுக்கு அவன தோள்ல தூக்கினு ஆடுவியே. இவ்ளோதான் இருப்பானா?"

வேலு பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் போடணும் அத்தை."

போட்டார்கள். அடிப்பலகை தாங்காது என்றார் தச்சர். லாசர் மடங்காத காலை இழுத்துக்கொண்டு போய் வலைக்கயிறு எடுத்துவந்து, பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மறுபடியும் தூக்கினார்கள். இந்தத் தடவை முழங்கால் நடுங்கித்தான் நிமிர முடிந்தது. முன்னால் இருந்த வேலுவின் கழுத்து நரம்பு புடைத்து, தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கல்லறைக்கு நடை தூரம்தான். ஆனால் இரண்டு இடத்தில் தோள் மாற்ற வேண்டியிருந்தது.

ஜான்சி பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். பலகைச் சந்திலிருந்து கடல் தண்ணீர் கசிந்து, வேலுவின் முதுகில் வழிந்து, தார் ரோட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே போனது. வெயிலில் அது உடனே காய்ந்து உப்பாக வெளுத்தது. அதை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கப் பார்த்தாள். முடியவில்லை. நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்து, வாயைத் திறந்து அழத் தொடங்கினாள். பின்னால் வந்த பெண்கள் அவளைத் தூக்க ஓடிவந்தார்கள்.

"வுடுங்க" என்றாள் கெங்கம்மா. "அவ அழுவட்டும்."

பெட்டி தூக்கியவர்கள் நிற்கவில்லை. அந்தக் கனத்தோடு அவர்களால் நிற்க முடியாது.